தாய்பேயில் கோடைக்காலச் சீன வகுப்பு: காசு எதற்குப் போகிறது?

இரண்டு மாதத்தில் சீனம் பேச வந்துவிடுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வராது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குச் சீனம் சொல்லிக்கொடுக்க ஒதுக்கும் காலம் 88 வாரம்; வகுப்பு மட்டுமே 2,200 மணி நேரம். தைவான் தலைநகர் தாய்பேயில் கோடைத் தீவிர வகுப்பு என்றால் பெரும்பாலும் நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், எட்டு வாரம். பெருக்கிப் பாருங்கள், 120 மணி நேரம். கிட்டத்தட்ட பதினெட்டில் ஒரு பங்கு. ஏஜென்டுகளின் விளம்பரத் தாளில் இந்தப் பெருக்கல் இருக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படியிருந்தும் நான் போனேன். போனதில் வருத்தமும் இல்லை. ஆனால் இதற்கு இரண்டே முக்கால் லட்சம் ரூபாய் செலவாகும்போது, அந்தப் பணம் எதை வாங்கித் தருகிறது, எதைத் தராது என்று யாராவது தமிழில் எழுதியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

என் பின்னணி இது. ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மேலாளர்கள் தைவான்காரர்கள். ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுக்க இப்போது இதே கதைதான். மின்னணுப் பொருளோ செருப்போ, மேலே ஒரு தைவான் நிறுவனம் இருக்கிறது. கூட்டத்தில் அவர்கள் தங்களுக்குள் ஐந்து நிமிடம் பேசுவார்கள், மொழிபெயர்ப்பாளர் அதை ஒரே வரியில் நமக்குச் சொல்வார். மீதி நான்கரை நிமிடத்தில் என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் சீனம் படிக்கத் தொடங்கினேன். சனி ஞாயிறுகளில் இணையவழி ஆசிரியரிடம் படித்து, எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வில் மூன்றாம் நிலை, அதாவது பழைய பாடத்திட்டத்தில் 600 சொற்கள் என்ற அளவுக்கு வந்திருந்தேன். அதற்கு மேல் வண்டி நகரவில்லை. வேலை, வீடு, மகனின் வீட்டுப்பாடம் எல்லாம் முடித்து இரவு பத்தரைக்குப் புத்தகத்தைத் திறந்தால் போன வாரம் படித்ததே நினைவில் இருக்காது.

எந்த மையத்தில் படித்தேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுத வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை அடையாளம் காட்டிவிடக் கூடாது. பெயர் சொல்லாததால் படிப்பவர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. தாய்பேயில் இருக்கும் பல்கலைக்கழக மொழி மையங்களின் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றில் பழையது தேசிய தைவான் ஆசிரியர் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம். 1956 முதல் நடக்கிறது. கடுமைக்குப் பேர்போனது தேசிய தைவான் பல்கலைக்கழகத்தில் உள்ள ஐசிஎல்பி. 1960களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கியது அது. 1997இல் அவர்கள் பெய்ஜிங்குக்கு இடம்பெயர, இங்கே இருந்ததைப் பல்கலைக்கழகமே ஏற்று நடத்துகிறது. அங்கே நாளுக்கு நான்கு மணி நேர வகுப்பு, அதில் ஒரு மணி ஆசிரியரும் நீங்களும் மட்டும். வளாகத்துக்குள் சீனம் தவிர வேறு மொழி பேச மாட்டேன் என்று உறுதிமொழியும் உண்டு. கட்டணமும் அதற்கேற்ப உயரத்தில் நிற்கிறது.

பெய்ஜிங் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். 1962இல் தொடங்கிய பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தில் குறுகிய காலக் கோடை வகுப்புகள் உண்டு, நல்ல பெயரும் உண்டு. சீனப் பெருநிலத்தோடு வியாபாரம் செய்பவர்கள், மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் அங்கேயே போகட்டும். என் மேலாளர்கள் எழுதுவது பழைய முழு எழுத்து. பெருநிலத்தில் சுருக்கிய எழுத்து. காலணியைக் குறிக்கும் எழுத்துக்கு இரண்டிலும் 15 கோடுகள்தான், சிக்கலில்லை. ஆனால் தைவான் என்ற பெயரின் இரண்டாவது எழுத்தைச் சுருக்கி எழுதினால் 12 கோடு, முழுதாக எழுதினால் 25. அலுவலகக் குறிப்பைப் படிக்கத்தான் இவ்வளவு பாடும் என்றால், அந்த எழுத்து புழங்கும் ஊருக்குப் போவதுதான் முறை. இன்னொரு காரணம் சின்னது: பெருநிலத்தில் வாட்ஸ்அப்புக்குத் தடை, மகனோடு தினமும் பேச வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகம்கூடத் தன் கோடைச் சீன வகுப்பை 2022இல் பெய்ஜிங்கிலிருந்து தாய்பேக்கு மாற்றிக்கொண்டது. அவர்கள் காரணம் வேறு. என் மாமியாரைச் சம்மதிக்க வைக்க அந்தச் செய்தி பயன்பட்டது.

இனி வகுப்பு. சேர்ந்ததும் ஒரு தேர்வு வைத்து நிலை பிரிக்கிறார்கள். கோடையில் இந்தப் பிரிப்பு சரியாக அமைவது கடினம், இதை நன்றாக மனத்தில் வையுங்கள். ஜூன் மாதம் பள்ளி, கல்லூரி விடுமுறை விட்டதும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிறந்த தைவான் வம்சாவளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். பாட்டியோடு மணிக்கணக்கில் பேசுவார்கள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. எழுத்துத் தேர்வில் அவர்களும் நானும் ஒரே மதிப்பெண். விளைவு, ஒரே மேசை. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் நான் வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் நகைச்சுவையோடு பதில் சொல்லி முடித்திருப்பான். படிக்கச் சொன்னால் தலைகீழ். அவன் திணறுவான், நான் போவேன். ஆசிரியர் பாவம், இரண்டு வண்டியை ஒரு கையால் ஓட்டினார். வகுப்பு மாற்றிக்கொள்ள முதல் சில நாட்கள் அவகாசம் தருகிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டேன், பேச்சில் என்னைப் போலவே தட்டுத்தடுமாறும் ஜப்பானியர்களும் ஒரு வியட்நாமியப் பெண்ணும் இருந்த வகுப்புக்கு மாற்றினார்கள். பணம் அங்கேதான் வேலை செய்யத் தொடங்கியது.

காலையில் பை வைத்து உட்கார்ந்ததும் டிக்டேஷன். ஆசிரியர் வாக்கியம் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், ஒவ்வோர் எழுத்துக்கும் மேலே சுரக்குறி, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி, போட வேண்டும். நாலாம் வகுப்போடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த பயம் முப்பத்து மூன்று வயதில் திரும்பி வந்தது. இதைப் பிற்போக்கான முறை என்று ஓர் ஐரோப்பிய மாணவர் முணுமுணுத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வகுப்பில் மிக உருப்படியான இருபது நிமிடம் அதுதான். மறுநாள் காலை எழுதியாக வேண்டும் என்பதால் முந்தைய இரவு நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். யாரும் திருத்தாத செயலியில் அப்படி உட்கார்ந்ததே இல்லை. வகுப்பில் ஆங்கிலத்துக்கு இடமே கிடையாது. புரியவில்லை என்றால் ஆசிரியர் வேறு எளிய சீனத்தில் சொல்வார், அதுவும் புரியவில்லை என்றால் நடித்துக் காட்டுவார். பின்வரிசை என்று ஒன்று கிடையாது, பத்துப் பேருக்குள்தான் வகுப்பு. பேசாமல் தப்பிக்க முடியாது.

வகுப்புக்கு வெளியே தனிக் கட்டணம் கட்டி ஒருவருக்கு ஒருவர் பாடமும் எடுத்துக்கொண்டேன். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சிபாரிசு செய்வேன். நமக்கு ழகரம் வருவதால் சீனத்தின் நாமடி ஒலிகள் எளிதாக வந்துவிடுகின்றன. தைவான்காரர்களே அவற்றை மழுப்பிப் பேசுவார்கள். நான் பேசியதைக் கேட்டு, பெய்ஜிங் வானொலி மாதிரி இருக்கிறது என்று ஆசிரியை சிரித்தார். சுரமும் பயந்த அளவுக்கு இல்லை. நமக்குச் சறுக்கும் இடம் வேறு: மூச்சு. தமிழில் ப ஒன்றுதான். சீனத்தில் மூச்சு விடாத ப ஒன்று, மூச்சைத் தள்ளிச் சொல்லும் ப ஒன்று. த, க, ச எல்லாவற்றுக்கும் இப்படியே ஜோடி உண்டு. என் வாயில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. சென்னையிலிருந்து இணையவழியில் படித்தவரை இதை யாரும் பிடிக்கவில்லை. ஒலிவாங்கியில் மூச்சு கேட்பதில்லை என்று நினைக்கிறேன்.

ஆசிரியை ஒரு டிஷ்யூ தாளை நீளவாக்கில் கிழித்து, என் உதட்டுக்கு முன்னால் இரண்டு விரலில் தொங்கவிட்டார். மூச்சோடு சொல்ல வேண்டிய ஒலிக்குத் தாள் பறக்க வேண்டும், மற்றதற்கு அசையவே கூடாது. என் வயிறு வலிக்கிறது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். தாள் லேசாக நடுங்கியது. உன் முயலுக்கு வலிக்கிறதா என்று கேட்டார். வயிற்றுக்கும் முயலுக்கும் சுரம்கூட ஒன்றுதான், வேறுபாடு அந்த ஒரு மூச்சு மட்டும். அந்த மணி நேரம் முழுக்க வேறு எதுவும் செய்யவில்லை. புத்தகம் திறக்கவில்லை. அறைக்குத் திரும்பிய பிறகும் கண்ணாடி முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டு வயிறு, முயல், வயிறு, முயல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள். அவளுக்கு வயிறு என்று கேட்டிருக்கிறது, எனக்கு அதுவே பெரிய வெற்றி.

அந்த நாட்டுக்குப் போய்விட்டால் காற்றிலேயே மொழி வந்துவிடும் என்பார்களே, அதை நம்பாதீர்கள். தாய்பேயில் ஒரு வார்த்தை பேசாமல் வாழலாம். மெட்ரோவில் அட்டையைத் தட்டினால் போதும். 1,200 தைவான் டாலர் மாதச் சீட்டு வாங்கிவிட்டால் அட்டையில் பணம் போடக்கூடப் பேச வேண்டாம். கடையில் பை வேண்டுமா, சூடாக்க வேண்டுமா என்று இரண்டு கேள்வி; தலையை ஆட்டினால் முடிந்தது. நாமாகப் போய்ப் பேச்சை இழுக்க வேண்டும். எனக்கு வாய்த்த இடம் சைவ உணவுக்கடை. பௌத்த மரபு இருப்பதால் தாய்பேயில் தெருவுக்குத் தெரு சைவக் கடை உண்டு. பல கடைகளின் பலகையில் ஸ்வஸ்திக் போன்ற குறி இருக்கும். முப்பது நாற்பது வகைத் தட்டுகள் வரிசையாக இருக்கும், வேண்டியதை எடுத்துப்போய் எடை போட்டுக் காசு கொடுக்க வேண்டும். வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை, நம் விரதச் சமையல் கணக்கு. இரண்டரை மணிக்குக் கூட்டம் கலைந்த பிறகு போனால் கல்லாவில் இருக்கும் அம்மா பேசத் தயாராக இருப்பார். ஆயி என்று கூப்பிடுவேன், அத்தை மாதிரி. இது என்ன கீரை, எப்படி வதக்கினீர்கள் என்று தொடங்கினால் மருமகள் வரை போகும். பாடப்புத்தகத்தில் மருமகளைப் பற்றி ஒரு பாடமும் இல்லை.

செலவு விவரம். ஒரு தைவான் டாலருக்கு இரண்டே முக்கால் ரூபாய்க்குச் சற்றுக் கூடக்குறைய வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக் கட்டணம் ஏறக்குறைய ஒரு லட்சம்; தனிப் பாடங்களுக்கு இருபதாயிரம்; சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் சிங்கப்பூர் வழியாகப் போய்வர நாற்பத்திரண்டாயிரம்; அறை வாடகை எழுபதாயிரம்; சாப்பாடும் பயணமும் நாற்பத்தைந்தாயிரம். இது போகச் சம்பளமில்லா விடுப்பு. அறையில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். இடைத்தரகர் ஒருவர் மூலம் முன்கூட்டியே பணம் அனுப்பி எடுத்த அறை. படத்தில் இருந்த ஜன்னல், நேரில் பார்த்தால் மாடிப்படிக்குத் திறக்கும் ஜன்னல். ஜூலை வெயில் தாய்பேயில் 35 டிகிரியைத் தாண்டும், ஈரப்பதத்தோடு சேர்த்து வேலூர்ப் பெண்ணான என்னையே வாட்டியது. குளிர்சாதன மின்சாரத்துக்குத் தனி மீட்டர், யூனிட் விலை வீட்டுக்காரர் வைத்ததுதான். முதல் வாரத்துக்கு மட்டும் விடுதி எடுத்துக்கொண்டு, நேரில் பார்த்து அறை பிடியுங்கள்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன். நல்ல இணையவழி ஆசிரியர் மணிக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறார். இரண்டே முக்கால் லட்சத்துக்கு அவரிடம் 275 மணி நேரம், நீங்கள் மட்டும் படிக்கலாம். தாய்பேயில் அதே பணத்துக்குத் தனிப் பாடங்கள் போக 120 மணி நேரம், அதுவும் பத்துப் பேரோடு. கற்பித்தலை மட்டும் எடை போட்டால் தாய்பே தோற்றுவிடும். பிறகு எதற்குப் போவது? வேறு வேலையே இல்லாத எட்டு வாரத்தை வாங்குவதற்கு. வகுப்பு முடிந்து பகல் பன்னிரண்டரைக்கு வெளியே வந்தால் இரவு வரை எனக்குச் சீனம் தவிர ஒரு கடமையும் இல்லை. குக்கர் வைக்க வேண்டாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போன் வராது. மூன்று மணி நேர வகுப்பு, ஐந்து மணி நேரத் தயாரிப்பு, ஆயியோடு அரை மணி நேரம் என்று ஒரே திசையில் நாள் ஓடியது. திருமணமான பிறகு அப்படி ஒரு நாள்கூட எனக்கு வாய்த்ததில்லை. 275 மணி நேரத்தை இணையத்தில் வாங்கலாம், சரி. அதை இரவு பத்தரைக்கு மேல்தானே செலவழிக்க வேண்டும்?

ஆகவே அந்த விடுதலை கிடைக்காதவர்கள் போக வேண்டாம். எங்கள் வகுப்பில் பெங்களூர்க்காரர் ஒருவர் மடிக்கணினியோடு வந்திருந்தார். பகலில் வகுப்பு, மாலையில் அலுவலகம் என்று ஏற்பாடு. இந்தியாவுக்கும் தைவானுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், அதனால் அலுவலகக் கூட்டங்கள் அவருக்கு நள்ளிரவு வரை இழுத்தன. டிக்டேஷனில் வெறும் தாளை நீட்டினார். பாதியில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார், ஊர் சுற்றிவிட்டுத் திரும்பினார். ஊர் சுற்ற இதைவிட மலிவான வழிகள் இருக்கின்றன.

எழுத்தே தெரியாமல் முதல் எழுத்திலிருந்து தொடங்கப் போகிறவர்களையும் நான் தடுப்பேன். முதல் இரண்டு வாரம் ஒலிப்பு, தைவானில் ஒலிப்பை எழுதிக் காட்டும் 37 பொபொமொஃபொ குறிகள், பெயர் என்ன, ஊர் என்ன என்பதிலேயே போய்விடும். இதைச் சென்னையிலோ வீட்டிலோ பத்தில் ஒரு பங்கு காசில் முடிக்கலாம். ஐந்நூறு அறுநூறு சொற்களோடு தேங்கி நிற்பவர்களுக்குத்தான் இந்த வகுப்பு சரியான உந்தல். ஆயிரத்துக்கு மேல் போய்விட்டவர்கள் காசு திரட்ட முடிந்தால் நேராக ஐசிஎல்பி போன்ற இடத்தைப் பார்க்கட்டும்.

மாணவர்களுக்கு வேறு வழி உண்டு. தைவான் கல்வி அமைச்சகம் ஹுவாயூ உதவித்தொகை என்று ஒன்று தருகிறது, மொழி படிப்பதற்கு மட்டுமே. நெடுங்காலம் மாதம் 25,000 தைவான் டாலர் என்று இருந்தது. சிக்கனமாக இருந்தால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் போதும். வாரம் 15 மணி நேர வகுப்பு கட்டாயம், வருகைப் பதிவு குறைந்தால் தொகை நின்றுவிடும். என் வகுப்பு வியட்நாமியப் பெண் காய்ச்சலோடும் முகக்கவசம் கட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணம் அதுதான். சென்னையில் 2012 முதல் தாய்பே பொருளாதார பண்பாட்டு மையம் இயங்குகிறது. விசாவும் அங்கேதான், உதவித்தொகைக்கான அறிவிப்பும் அங்கேதான். ஆண்டுத் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும், மே மாதம் போய் விசாரித்தால் அந்த ஆண்டு முடிந்த கதை.

திரும்பி வந்த பிறகு என்ன மாறியது? சரளம் எல்லாம் கிடையாது. ஆனால் கூட்டத்தில் அந்த ஐந்து நிமிடப் பேச்சில் பாதிக்கு மேல் பிடிபடுகிறது. ஏமாற்றம் என்னவென்றால், அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பசை காயவில்லை, கப்பல் தேதி நெருங்குகிறது, மதியம் எந்தக் கடையில் சாப்பாடு சொல்வது, இவ்வளவுதான். வேலைக்கு உண்மையில் பயன்பட்டது எழுத்து. மாதிரிச் செருப்போடு வரும் குறிப்புத் தாளை மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்காமல் படித்துவிடுகிறேன். ஒட்டும் இடத்தின் அளவில் ஒரு திருத்தத்தை முந்தைய நாளே கண்டுபிடித்துச் சொன்னதில் ஒரு தொகுதி மறுவேலை மிச்சமானது.

மறுபடி போவதற்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கோடைக்குப் போக மாட்டேன். பல மையங்களில் ஆண்டுக்கு நான்கு பருவம், செப்டம்பரிலும் ஒன்று தொடங்குகிறது. அமெரிக்கப் பிள்ளைகள் கல்லூரிக்குத் திரும்பியிருப்பார்கள், விமான டிக்கெட் இறங்கியிருக்கும், அக்டோபரில் வெயிலும் தணிந்துவிடும். தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியாது என்பது ஒன்றுதான் இடிக்கிறது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.